ஏலத் தோட்டத்தை பறவைக்கு விட்ட தம்பதி!

போடிநாயக்கனூர்:-

ஏலம் விளைந்த நிலத்தை காசு கொடுத்து வாங்கி, பறவைக்கும் யானைக்கும் விட்டுவிட்டார்கள் ஒரு தம்பதி! போடி பஜாரில் சொன்னால் “கிறுக்குத்தனம்ல?” என்பார்கள். 2019 ஆகஸ்டில், மலைக்கு அந்தப்புறம் புற்றடி ஏலத்தில் கிலோ 7 ஆயிரம் ரூபாயை தொட்ட சரக்காச்சே!

இடம், கர்நாடகத்தில் குடகு மாவட்டம். பிரம்மகிரி அடிவாரம். 1991-ல் அனில் மல்ஹோத்ரா, அவருடைய அமெரிக்க மனைவி பமீலா இருவரும் அங்கே 55 ஏக்கர் வாங்கினார்கள். கடன் அடைக்க வழியில்லாத விவசாயி விற்ற பூமி. நெல், காபி, ஏலம் விளைந்து, பிறகு கவனிப்பாரற்று கிடந்தது.

வாங்கியவர்கள் மரத்தில் கை வைக்கவில்லை. வேட்டைக்காரர்களை விரட்டினார்கள். பக்கத்தில் தரிசாக போட்ட நிலங்களையும் விலை பேசி சேர்த்தார்கள். இப்போது சுமார் 300 ஏக்கர் காடு. ‘சாய்’ சரணாலயம் என்று பெயர்.

இது தனியார் இடம். வேடந்தாங்கல் மாதிரி டிக்கெட் எடுத்து பார்க்கலாம் என்று மூட்டை கட்டி விடாதீர்கள்!

பூட்டிய வீட்டில் மனைவி

அங்கே இருவாச்சி உண்டு. இந்த பறவையின் குடித்தனமே தனி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தால் அடைத்துக் கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். ஆண் பறவை நாள் முழுக்க பழம் பொறுக்கி வந்து அதன் வழியாக ஊட்ட வேண்டும். ஆணை எவனாவது சுட்டுவிட்டால் உள்ளே குடும்பமே பட்டினி. பொந்து விழுகிற அளவுக்கு வயசான மரம் வேண்டும். நேற்று நட்ட சவுக்கில் இருவாச்சி குடியேறாது.

பமீலாவுக்கு 2017-ல் மத்திய அரசின் ‘நாரி சக்தி’ விருது கிடைத்தது. அனில் 2021 நவம்பரில் காலமானார்.

போடிக்கு என்ன?

போடிமெட்டுக்கு மேலே ஏலத்துக்கு நிழல் கொடுப்பதும் காட்டு மரம்தான். அதை கழித்துவிட்டு, வெயில் இறங்கினால் விளைச்சல் கூடும் என்கிறவர்கள் உண்டு. பூச்சி மருந்து அடிப்பும் அதிகம். ஏலப்பூ காயாக வேண்டுமானால் தேனீ வந்து உட்கார வேண்டும். மருந்து பூச்சியோடு தேனீயையும் சேர்த்தே கொல்கிறது. அப்புறம் பூவெல்லாம் காயாகாமல் உதிரும். போடி ஏல மையத்துக்கு மூட்டை குறையும்.