குச்சிகள் தீர்த்த சமன்பாடுகள்

மூன்று தரத்துக் கதிர்க்கட்டுகள். முதல் தரத்தில் 3, இரண்டாம் தரத்தில் 2, மூன்றாம் தரத்தில் 1 என்று எடுத்து அடித்தால் 39 தௌ (பழைய சீன முகத்தல் அளவு) தானியம் கிடைக்கிறது. 2, 3, 1 என்று எடுத்தால் 34. 1, 2, 3 என்றால் 26. அப்படியானால் ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு காணும்?

ஹான் பேரரசுக் காலத்தில் உருப்பெற்ற ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற சீன நூலின் எட்டாம் அத்தியாயம் இந்தக் கணக்கோடுதான் தொடங்குகிறது. அதில் எக்ஸ், ஒய் எதுவும் இல்லை. எண்ணுகுச்சிகளை நிரல் நிரலாக வைப்பார்கள். ஒரு நிரல் ஒரு சமன்பாடு. ஓர் எண் எந்தத் தரத்துக்கு உரியது என்பதை அது கிடக்கும் இடமே சொல்லிவிடும்.

பிறகு வேலை தொடங்குகிறது. இரண்டாம் நிரலை 3ஆல் பெருக்கி, அதிலிருந்து முதல் நிரலை இருமுறை கழித்தால் முதல் தரத்தின் இடம் காலியாகிறது. மிஞ்சுவது 5, 1, 24. மூன்றாம் நிரலையும் 3ஆல் பெருக்கி முதல் நிரலை ஒருமுறை கழித்தால் 4, 8, 39. இவ்விரண்டுக்குள் மீண்டும் அதே வேலை. முடிவில் நிற்பது 36 கட்டுக்கு 99 தௌ, அதாவது மூன்றாம் தரத்தில் கட்டுக்கு 2¾. அங்கிருந்து பின்னோக்கிப் போனால் 4¼, 9¼. கடைசி வரை பின்னமே தலைகாட்டாதபடி நடத்தியிருக்கும் அழகைப் பாருங்கள்! நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் காஸ்ஸியன் நீக்கல் முறை என்று படிப்பதும் இதைத்தான். காஸ் பிறந்தது 1777இல்.

இதைவிட என்னை வியக்கவைப்பது இன்னொன்று. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் சில கணக்குகளில் சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க நேரும். அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தார்கள். கி.பி. 263இல் இந்நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய், மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்கிறார். 16ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பியக் கணித அறிஞர்கள் சிலர் குறை எண்களை அபத்தம் என்றே கருதினார்கள்.

அதே அத்தியாயத்தில் ஒரு கிணற்றுக் கணக்கு உண்டு. ஐந்து வீட்டுக்குப் பொதுவான கிணறு. முதல் வீட்டுக் கயிறு இரண்டோடு இரண்டாம் வீட்டுக் கயிறு ஒன்றைச் சேர்த்தால் தண்ணீரை எட்டும். இரண்டாம் வீட்டுக் கயிறு மூன்றோடு மூன்றாம் வீட்டுக் கயிறு ஒன்று. இப்படியே ஐந்து வீட்டுக்கும். ஐந்து கயிறு, ஒரு கிணறு: தெரியாதவை ஆறு, சமன்பாடுகளோ ஐந்து. நூல் தரும் விடையில் கிணற்றின் ஆழம் 721 அலகு, கயிறுகள் 265, 191, 148, 129, 76. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினாலும் கணக்கு பொருந்தும். நூல் தருவது விகிதத்தை மட்டுமே என்று லியூ ஹுய் தம் உரையில் குறித்துவைத்திருக்கிறார்.