ஹோண்டா - நிசான் இணைப்பு புஸ்ஸானது... சத்தமில்லாமல் கைமாறியது ஒரகடம் ஆலை! கார் கம்பெனி வதந்திகளை எப்படிப் படிப்பது?

ஒரே நாளில் கிட்டத்தட்ட 24 சதவீதம். 2024 டிசம்பர் 18-ம் தேதி டோக்கியோ பங்குச்சந்தையில் நிசான் பங்கு ஏறிய அளவு இது. அன்று நிசான் புது கார் எதையும் இறக்கவில்லை, லாபக் கணக்கும் காட்டவில்லை. சொல்லப்போனால், ஆறு வாரங்களுக்கு முன்புதான் 9,000 பேரை வேலையில் இருந்து குறைக்கப் போவதாக அறிவித்திருந்தது. பிறகு எப்படி ஏறியது? ‘ஹோண்டாவும் நிசானும் இணைவது குறித்துப் பேசப் போகின்றன’ என்று ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் ஒரு செய்தி போட்டது. அவ்வளவுதான்.

அந்தச் செய்தி சென்னை வரை அடித்தது. காரணம், ஒரகடத்தில் இருக்கும் ரெனோ - நிசான் ஆலை. அங்கே வேலை பார்ப்பவர்கள், அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் கம்பெனிகள், மேக்னைட் புக் பண்ணிவிட்டு டெலிவரிக்குக் காத்திருப்பவர்கள் என எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ‘அப்போ நம்ம கதி?’

இரண்டே மாதத்தில் அந்த மெகா இணைப்பு ரத்தானது. ஆனால், அடுத்த ஆறு வாரத்தில் ஒரகடம் ஆலையை யார் வைத்துக்கொள்வது என்பது வேறொரு ஒப்பந்தத்தில் முடிவானது. அந்த ஒப்பந்தத்தில் ஹோண்டாவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

டிசம்பரில் உண்மையில் என்ன சொன்னார்கள்?

நிக்கேய் செய்தி வந்ததும் இரண்டு கம்பெனிகளும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ‘இது நாங்கள் வெளியிட்ட தகவல் அல்ல, எதிர்கால ஒத்துழைப்புக்கான பல வாய்ப்புகளை ஆராய்ந்து வருகிறோம்’ என்ற பாணியில் ஓர் அறிக்கை வந்தது. கார்ப்பரேட் மொழி தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். பேச்சே இல்லை என்றால் ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். ‘ஆராய்கிறோம்’ என்று இழுத்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது.

ஓடியது. டிசம்பர் 23-ம் தேதி ஹோண்டா தலைவர் தோஷிஹிரோ மிபேவும் நிசான் தலைவர் மகோதோ உச்சிதாவும் ஒரே மேடையில் உட்கார்ந்து, புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தார்கள். இரண்டு கம்பெனிகளுக்கும் மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனி, 2025 ஜூனுக்குள் இறுதி ஒப்பந்தம், 2026 ஆகஸ்டில் பங்குச்சந்தையில் பட்டியல் என்று தேதி வாரியாகத் திட்டம் சொன்னார்கள். மிட்சுபிஷியும் சேர்ந்தால் ஆண்டுக்கு 80 லட்சம் கார்களுக்கு மேல் விற்கும் குழுமம். டொயோட்டா, ஃபோக்ஸ்வேகனுக்கு அடுத்து உலகில் மூன்றாவது இடம்.

தலைப்புகள் எல்லாம் ‘இணைந்தன’ என்றே வந்தன. ஆனால், கையெழுத்தானது புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டுமே. கல்யாண பாஷையில் சொன்னால், பொண்ணு பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தம்கூட இன்னும் ஆகவில்லை.

பங்கு விலை சொன்ன கதை

அந்த டிசம்பர் 18-ம் தேதி நிசான் 24 சதவீதம் ஏறியபோது, ஹோண்டா பங்கு சுமார் 3 சதவீதம் இறங்கியது. இரு தரப்புக்கும் லாபம் என்றால் இரண்டும் ஏறியிருக்க வேண்டும். சந்தை இந்தப் பேச்சை ‘சமமானவர்களின் இணைப்பு’ என்று பார்க்கவே இல்லை. ஒருவர் இன்னொருவரின் கடன் சுமையைத் தூக்கப் போகிறார் என்றுதான் பார்த்தது. 2025 பிப்ரவரி 5-ம் தேதி, நிசான் பின்வாங்குகிறது என்ற செய்தி கசிந்தபோது காட்சி தலைகீழானது. ஹோண்டா 8 சதவீதத்துக்கு மேல் ஏறியது; நிசான் சரிந்தது.

எங்கே உடைந்தது? ஹோண்டாவின் சந்தை மதிப்பு நிசானைப் போல பல மடங்கு. பொறுமையிழந்த ஹோண்டா, ‘ஹோல்டிங் கம்பெனியெல்லாம் வேண்டாம், நீங்கள் எங்கள் துணை நிறுவனமாக வந்துவிடுங்கள்’ என்று திட்டத்தையே மாற்றியது. 1933-ல் தொடங்கிய நிசான், 1948-ல் பிறந்த ஹோண்டாவுக்குக் கீழே போக ஒப்புக்கொள்ளவில்லை. பிப்ரவரி 13-ம் தேதி பேச்சு அதிகாரபூர்வமாக முடிந்தது. அடுத்த மாதமே உச்சிதா பதவி விலகுவதும் அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் இவான் எஸ்பினோசா வந்தார்.

இடையில் இன்னொரு பெயரும் அடிபட்டது. ஃபாக்ஸ்கான்! ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் அதே தைவான் கம்பெனி. ‘நிசானை வாங்கப் போகிறது’ என்று செய்திகள் பறந்தன. அதன் தலைவர் யங் லியூ, தங்கள் நோக்கம் ஒத்துழைப்புதான், வாங்குவது அல்ல என்றார்.

ஒரகடத்தில் நடந்தது

2025 மார்ச் 31. ஒரகடம் ஆலையில் நிசான் வைத்திருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோ வாங்கிக்கொள்வதாக இரு கம்பெனிகளும் அறிவித்தன. ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்து, ஆலை முழுக்க ரெனோவுடையதானது. ஆண்டுக்கு நான்கு லட்சம் கார்களுக்கு மேல் தயாரிக்கும் திறன் கொண்ட ஆலை இது. நிசான் இந்தியாவை விட்டுப் போகவில்லை. மேக்னைட் இனியும் அங்கேயே தயாராகும். ஆனால் ரெனோவின் ஆலையில், நிசானுக்காக. சென்னையில் இருக்கும் இன்ஜினீயரிங் மையத்தில் மட்டும் நிசான் தன் 49 சதவீதத்தை வைத்துக்கொண்டது.

ஹோண்டா - நிசான் அளவுக்கு இது வைரல் ஆகவில்லை. ஆச்சரியம் இல்லை, ஒரகடத்தில் இந்த இரு கம்பெனிகளும் 2010-ல் இருந்தே ஒரே கூரையின் கீழ்தான். நிசான் மைக்ராவே லோகோ மாறி ரெனோ பல்ஸ் ஆனது. சன்னி, ஸ்காலா ஆனது. ரெனோ டஸ்டர், நிசான் டெரானோ ஆனது. இன்றைய மேக்னைட்டும் கைகரும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவைதான். ஷோரூமில் ‘ரெனோ நல்லதா, நிசான் நல்லதா’ என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்கள், ஒரே லைனில் இறங்கிய இரண்டு வண்டிகளைப் பற்றித்தான் சண்டை போட்டிருக்கிறார்கள்.

கார் கம்பெனிகள் அடிக்கடி இணைப்பு பேசுவதற்கான காரணமும் இதுதான். ஒரு அடித்தளம், ஒரு இன்ஜின், பேட்டரி, சாஃப்ட்வேர் என உருவாக்குவதற்கான செலவை இரண்டு, மூன்று பிராண்டுகள் பங்கு போட்டுக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். எலெக்ட்ரிக் கார்களில் சீன கம்பெனிகள் கொடுக்கும் நெருக்கடியில் அந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

மே மாதம் இன்னொரு பீதி. உலகம் முழுவதும் 20,000 வேலைகளைக் குறைத்து, 17 ஆலைகளை 10 ஆக்கப் போவதாக நிசான் அறிவித்தது. சில நாட்களில், உற்பத்தி நிறுத்தப்படும் நாடுகளில் இந்தியாவின் பெயரும் செய்திகளில் வந்தது. தலைப்பை மட்டும் பார்த்தால் ஒரகடத்துக்குப் பூட்டு என்றுதான் தோன்றும். ஆனால் நிசான் தன் பங்கை விற்பது மார்ச்சிலேயே தெரிந்த விஷயம். ‘நிசான் தன் சொந்த ஆலையில் உற்பத்தியை நிறுத்துகிறது’ என்பதும் ‘ஆலையே மூடப்படுகிறது’ என்பதும் ஒன்றல்ல.

அப்போ எதை நம்பறது?

முதலில், வீட்டோ யார் கையில் என்று பார்க்க வேண்டும். 2019 மே மாதம் ஃபியட் கிரைஸ்லர், ரெனோவிடம் ‘பாதிக்குப் பாதி இணைவோம்’ என்று வெளிப்படையாகவே கேட்டது. வதந்தி அல்ல, எழுத்துபூர்வமான முன்மொழிவு. ரெனோவில் 15 சதவீதம் வைத்திருந்த பிரெஞ்சு அரசு இன்னும் அவகாசம் கேட்டது. பத்தே நாளில் ஃபியட் கிரைஸ்லர் முன்மொழிவைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பெஜோ குழுமத்தோடு பேசி, 2021-ல் ஸ்டெல்லான்டிஸ் ஆனது.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. செபி விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் 2024 ஜூன் முதலும், முதல் 250 கம்பெனிகள் அந்த டிசம்பர் முதலும், முன்னணி ஊடகங்களில் வரும் வதந்தியால் பங்கு விலை கணிசமாக அசைந்தால் 24 மணி நேரத்துக்குள் ‘ஆமாம், இல்லை’ என்று விளக்கம் தர வேண்டும். பங்குச்சந்தை இணையதளங்களில் அந்த விளக்கத்தைப் பார்க்கலாம். வாட்ஸ்அப் ஃபார்வர்டைவிட அது எவ்வளவோ மேல். டாடா, மஹிந்திரா, மாருதி என்றால் இது உதவும். ஒரகடம் ஆலை மாதிரி பட்டியலிடப்படாத துணை நிறுவனங்களுக்கு உதவாது. அங்கே தாய் கம்பெனியின் அறிக்கைதான் கதி.

வண்டி வெச்சிருக்கறவங்க கவலைப்படணுமா?

கம்பெனி கைமாறினால் பிராண்ட் செத்துவிடும் என்று இல்லை. 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா 230 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் வோல்வோ கார் பிரிவு, அதே ஃபோர்டிடமிருந்து சீனாவின் கீலிக்குப் போனது. இரண்டும் இன்று சாலையில் ஓடுகின்றன. மாறாக, உரிமையாளர் மாறாமலேயே பிராண்ட் காணாமல் போவதும் உண்டு. நிசான் தூசு தட்டிக் கொண்டுவந்த டட்சன், 2014-ல் இந்தியச் சந்தைக்கு வந்து 2022-ல் மூடப்பட்டது. அதுவும் ஒரகடத்தில் தயாரானதுதான்.

உண்மையில் அடி விழுவது ரீசேல் விலையிலும் தொழிலாளியின் சம்பளத்திலும்தான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. இக்கோஸ்போர்ட், ஃபிகோ வைத்திருந்தவர்களுக்கு சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்ந்தன. ஆனால் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி 2022-ல் நின்றது. அதன்பின் அந்த ஆலையைச் சுற்றிக் கிளம்பிய ‘இவர் வாங்குகிறார், அவர் வாங்குகிறார்’ செய்திகளுக்குக் கணக்கே இல்லை. குஜராத்தின் சனந்த் ஆலையை டாடா வாங்கியது. மறைமலை நகரை யாரும் வாங்கவில்லை. 2024 செப்டம்பரில் ஃபோர்டே திரும்பி வர விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் இறுதியில் 3,250 கோடி ரூபாய்க்குத் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இந்த முறை அங்கே தயாராகப் போவது கார் இல்லை, இன்ஜின். உற்பத்தி தொடங்க 2029 ஆகும்.