ஆந்தையும் அம்மாவும்

வயிற்றுவலி என்று மாடியறையில் படுத்துக் கிடக்கிறாள் ஆலிசன். தலைக்கு மேலே, கூரைக்குள் எதுவோ பிறாண்டுகிறது. எலியாக இருக்குமோ என்று சமையல்காரரின் மகன் க்வின் பரணுக்குள் ஏறிப் பார்க்கிறான். அழுக்கேறிய பீங்கான் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒரு விருந்துக்கே போதுமான முழு செட். அதில் ஒன்றை அவன் கையில் எடுக்கும் அதே நேரத்தில், ஆற்றங்கரையில் ஓட்டை விழுந்த ஒரு பாறையருகே படுத்திருக்கும் ரோஜரை உரசுவதுபோல் ஏதோ பாய்ந்து போகிறது. ஓர் அலறலும் கேட்கிறது. தட்டில் இருப்பது பூவேலைப்பாடு. ஆலிசன் அதைத் தாளில் படியெடுத்து, வெட்டி, மடிக்கிறாள். பூக்கள் சேர்ந்து ஆந்தையாகிவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் தட்டிலிருந்த சித்திரத்தைக் காணோம், வெறும் வெள்ளைத் தட்டுதான் மிச்சம். மடித்து வைத்த காகித ஆந்தையையும் காணோம்.

ஆங்கில எழுத்தாளர் ஆலன் கார்னரின் ‘தி அவுல் சர்வீஸ்’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. பதின்வயதினருக்கான இந்தப் புத்தகம் 1967-இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் கார்னகி பதக்கத்தையும், 1968-இல் கார்டியன் நாளிதழின் சிறார் புனைவுப் பரிசையும் பெற்றது. இரண்டையும் வாங்கிய முதல் புத்தகம் இதுதான். பெற்றோரின் மணமுறிவு, மறுமணம், இடமாற்றம் என்று ஒரு குடும்பக் குழப்பத்தை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஓர் ஆவியை ஏவிவிடும் பதின்பருவ நாவல்கள் இன்று ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆவியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும், குடும்பத்தை எடுத்துவிட்டாலும் பயம் நிற்கும். கார்னரின் நாவலில் அப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை. பெரியவர்கள் பேச மறுத்ததுதான் அங்கே ஆந்தையாக வருகிறது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். ஆலிசனின் அப்பா இறந்துவிட்டார். அம்மா மார்கரெட், கிளைவ் என்பவரை மறுமணம் செய்துகொண்டிருக்கிறார். கிளைவின் மகன் ரோஜர். அவனுடைய அம்மா குடும்பத்தை விட்டுப் போனவர், அந்தப் பேச்சை எடுத்தாலே பையனுக்கு முகம் மாறிவிடும். இந்தப் புதுக் குடும்பம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கோடை விடுமுறைக்கு வேல்ஸில் ஒரு மலைப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிறார்கள். அங்கிருக்கும் பழைய வீடு ஆலிசனுக்கு அப்பா வழியில் வந்தது. சமைக்க வந்திருக்கும் நான்சி அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், பல வருடங்களுக்கு முன்பு ஊரை விட்டே போனவர். மகன் க்வின் அபெரிஸ்ட்வித் நகரத்தில் படிக்கிறான். அந்தப் பள்ளத்தாக்கை அவன் அதற்கு முன்பு கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அம்மா சொல்லிச் சொல்லி அங்கே இருக்கும் ஒவ்வொரு மனிதரையும் அவனுக்குத் தெரியும். தன் அப்பா யார் என்பது மட்டும் தெரியாது.

தோட்ட வேலை, எடுபிடி வேலை எல்லாம் பார்ப்பவர் ஹூ. வந்திருக்கும் ஆங்கிலேயர்களுக்கு அவர் அரைப் பைத்தியம். ஊர்க்காரர்களோ அவரிடம் காட்டும் மரியாதையே வேறு.

இத்தனை பேரில் வாசகர் ஒருமுறைகூடப் பார்க்காதவர் மார்கரெட். நாவல் முழுக்க அவர் ஒரு காட்சியிலும் வருவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவருக்குத் தலைவலி, அவர் வருத்தமாக இருக்கிறார், அவருக்கு இது பிடிக்காது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்த வீட்டில் எல்லோரும் அவரை நினைத்தே நடக்கிறார்கள். புது மனைவியின் மனம் கோணக்கூடாது என்று கிளைவ் எல்லாவற்றையும் சமாளித்துப் பூசி மெழுகுகிறார். க்வினோடு பேசக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதை ஆலிசன் அவனிடமே சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. மீறினால் பாட்டுக்குழுவுக்கும் போக முடியாது, டென்னிஸ் கிளப்புக்கும் போக முடியாது. அவ்வளவுதான் தண்டனை. அந்தச் சின்ன மிரட்டலுக்கு அந்தப் பெண் அடங்கிவிடுகிறாள். பரணில் பிறாண்டும் சத்தத்தைவிட இந்த இடம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அன்பான, நாகரிகமான ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் மனசாட்சியை வாங்க இவ்வளவு குறைந்த விலை போதும் என்பதைக் கார்னர் விளக்கவுரை ஏதும் இல்லாமல் காட்டிவிடுகிறார். பிள்ளைகள் உள்ளே வந்ததும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாவல் அந்நியமாகத் தெரியாது.

தட்டுகளுக்குப் பின்னால் இருப்பது வேல்ஸின் பழங்கதை ஒன்று. இடைக்கால வெல்ஷ் மொழிக் கதைத் தொகுப்பான ‘மாபினோகியன்’ நூலில், நான்காம் கிளை என்று சொல்லப்படும் பகுதியில் அது வருகிறது. ல்லெய் என்ற வீரனுக்கு மனிதப் பெண் மனைவியாக அமையக்கூடாது என்று பெற்ற தாயே சாபமிடுகிறாள். மந்திரம் தெரிந்த இருவர் ஓக் மரப் பூக்களையும் காட்டுப் பூக்களையும் சேர்த்து அவனுக்காக ஒரு பெண்ணை உருவாக்குகிறார்கள். அவள் ப்ளொடைவெத். யாருக்கு மனைவியாக வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு க்ரோனு என்பவன்மேல் காதல் வருகிறது. இருவரும் சேர்ந்து ல்லெய்யைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். ஈட்டி பாய்ந்த ல்லெய் கழுகாக மாறிப் பறந்துபோய், பிறகு மீண்டு வருகிறான். க்ரோனு ஒரு பாறையைக் கேடயமாகப் பிடித்து நிற்க, பாறையையும் அவனையும் சேர்த்தே துளைத்துப் போகிறது ல்லெய்யின் ஈட்டி. அவளுக்குக் கிடைக்கும் தண்டனை, ஆந்தையாகிவிடுவது. மற்றப் பறவைகள் எல்லாம் பகையாகப் பார்ப்பதால் பகலில் அவளால் வெளியே வர முடியாது.

ரோஜர் படுத்திருந்தது அந்தப் பாறையின் பக்கத்தில்தான். இந்தப் பழங்கதை ஒவ்வொரு தலைமுறையிலும் மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு திரும்ப நடக்கிறது என்பதுதான் நாவலின் அமானுஷ்யம். க்வின், ஆலிசன், ரோஜருக்கு முன்னால் அதில் மாட்டியவர்கள் நான்சி, ஹூ, அந்த வீட்டின் அன்றைய சொந்தக்காரர் பெர்ட்ரம். நான்சி பெர்ட்ரமை விரும்பினார். பெர்ட்ரம் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தார். அதில் ஹூவின் கை இருந்தது. க்வின் ஹூவின் மகன். இதில் ஒன்றையும் யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தட்டுகளைப் பரணில் ஏற்றினார்கள். சுவரில் இருந்த பூப்பெண்ணின் ஓவியத்தைக் காரை பூசி மறைத்தார்கள். வண்டியை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். நாவலில் அந்தக் காரை தானாகவே வெடித்து உதிர்கிறது, உள்ளே இருப்பவள் வெளியே தெரிகிறாள். ஓவியத்தில் இருக்கும் வெள்ளைப் பூக்களை நெருங்கிப் பார்த்தால் ஒவ்வோர் இதழும் ஒரு கூரிய நகம்.

தட்டு வெறும் கற்பனை அல்ல. அப்படி ஒரு பழைய தட்டு செட்டைக் கார்னர் நேரில் பார்த்திருக்கிறார். இந்த வேல்ஸ் பழங்கதை ஏற்கெனவே அவருடைய மனத்தில் கிடந்தது. பூவாகவும் பார்க்கலாம், ஆந்தையாகவும் பார்க்கலாம் என்ற அந்தச் சித்திரத்தில்தான் கதைக்கு உருவம் கிடைத்தது. கதை நடக்கும் இடமும் அவருக்குத் தெரிந்த இடம், டினாஸ் மௌத்விக்கு அருகில் இருக்கும் பள்ளத்தாக்கு. இந்த நாவலுக்காக அவர் வெல்ஷ் மொழியும் கற்றார்.

அந்த இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு கசப்பான பின்னணி உண்டு. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ட்ரவெரின் பள்ளத்தாக்கில், காபெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தை மூழ்கடித்து, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். 1965-இல் அது திறக்கப்பட்டது. பள்ளியும் தேவாலயமும் வீடுகளும் தண்ணீருக்கடியில் போயின. வேல்ஸில் அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த நாவலில், தங்கள் பள்ளத்தாக்கையே ஒரு நீர்த்தேக்கமாகப் பார்க்கிறான் க்வின். சுற்றிலும் மலை, நடுவில் வீடு, ஏதோ ஒரு சக்தி அதில் நிரம்பிக்கொண்டே போய் ஒருநாள் உடைத்துக்கொண்டு வெளியேறும் என்கிறான். ட்ரவெரினை நினைத்துத்தான் கார்னர் அப்படி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலக் குடும்பம் விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் வெல்ஷ் வீட்டில், ஒரு வெல்ஷ் பையன் வாயிலிருந்து அந்த உவமை வரும்போது அணை கண்முன் வராமல் போகாது.

க்வின் கார்னரின் சொந்தக் காயம் என்றே நினைக்கிறேன். 1934-இல் செஷயரில் பிறந்தவர் அவர். தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் செய்த குடும்பம். பள்ளியில் சேர்ந்த புதிதில், வட்டார வழக்கில் பேசினார் என்பதற்காக ஆசிரியர் அவருடைய வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியதை அவரே சொல்லியிருக்கிறார். பிறகு மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல், ஆக்ஸ்ஃபோர்டு. பட்டம் வாங்காமலே ஆக்ஸ்ஃபோர்டை விட்டு வந்து எழுத உட்கார்ந்தார். படிப்பு அவரை எழுத்தாளராக்கியது, சொந்த வீட்டின் பேச்சிலிருந்து பிரித்தும் வைத்தது.

க்வின் தன் ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள இசைத்தட்டுகள் வாங்கி வைத்திருக்கிறான். அவற்றைப் போட்டுக் கேட்க அவனிடம் கிராமபோன் இல்லை. இந்த ரகசியத்தை அவன் நம்பிச் சொல்வது ஆலிசன் ஒருத்தியிடம் மட்டும். அவள் அதை ரோஜரிடம் சொல்லிவிடுகிறாள். ரோஜர் அவன் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்கிறான். மறுபக்கம், வீட்டில் நான்சி. எதிர்த்துப் பேசினால் பள்ளியை விட்டு நிறுத்தி, கடையில் வேலைக்குச் சேர்த்துவிடுவேன் என்கிறார். பதினாறு, பதினேழு வயதில் படிப்பு ஒன்றுதான் வெளியே போகும் வழி என்று நம்பியிருக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்த இரண்டு அடியும் புரியும். அதற்குப் பிறகு க்வின் மலையேறித் தப்பிக்கப் பார்க்கிறான். பள்ளத்தாக்கு அவனை விடுவதில்லை.

கார்னர் பெரும்பாலும் உரையாடலாலேயே கதையை நகர்த்துகிறார். யார் என்ன நினைத்தார்கள் என்று சொல்வதில்லை. இரண்டு வரிப் பேச்சுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை வாசகரே பிடிக்க வேண்டும். முதல் வாசிப்பில் வழி தவறுவது சகஜம், பதினான்கு வயதுக்காரர்களை அது தடுக்கவும் இல்லை. 1969 டிசம்பரில் கிரனாடா தொலைக்காட்சி இதை எட்டுப் பகுதிகளாக ஒளிபரப்பத் தொடங்கியது. திரைக்கதையும் கார்னர்தான். அதில் ஆலிசனுக்குச் சிவப்பு, க்வினுக்குக் கறுப்பு, ரோஜருக்குப் பச்சை என்று உடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் மின்கம்பிகளின் நிறங்கள் அவை. மூன்று பேரும் சேர்ந்தால் மின்சாரம் ஓடும் என்று பொருள்.

முடிவைப் பற்றி வாசகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். கொட்டும் மழையில் ஆலிசனை அந்தச் சக்தி முழுதாகப் பிடித்துவிடுகிறது. அவள் உடம்பில் தானாகவே கீறல்கள் விழுகின்றன. காப்பாற்ற வேண்டியவன் க்வின் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவனுக்கு மனம் வரவில்லை. பட்ட அவமானம் அவ்வளவு. ரோஜர், இதுவரை நமக்குப் பிடிக்கவே பிடிக்காத ரோஜர், தன் அம்மாவைப் பற்றிய வசவைக்கூட விழுங்கிக்கொண்டு ஆலிசனருகில் உட்கார்கிறான். நீ ஆந்தை இல்லை, பூ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவளைப் பூவாகப் பார்க்க அவனால் முடிகிறது, அதனால் அவள் மீள்கிறாள்.

ஒரு பக்கம் இது மிகச் சரியான முடிவு. ஒரு பெண்ணைப் பூவாகப் பார்ப்பதா, ஆந்தையாகப் பார்ப்பதா என்பது சுற்றி இருப்பவர்கள் கையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரும் செய்யாததை, அம்மா விட்டுப்போன ஒரு பையன் செய்துகாட்டுகிறான். ரோஜரின் புண் ஆறுவதும் ஆலிசன் மீள்வதும் ஒரே செயலாகிவிடுவது அபாரம்.

ஆனால் க்வினுக்கு நடந்தது அநியாயம். வசதி, மொழி, பிறப்பு என்று எல்லாவற்றிலும் கீழே வைக்கப்பட்டவன் அவன். கடைசியில் மன்னிக்கத் தெரியாதவன் என்ற பழியும் அவன் தலையில் விழுகிறது. தாராள மனது காட்ட ரோஜரால் முடிந்தது, இழக்க அவனிடம் அவ்வளவாக ஒன்றும் இல்லாததால். காயம்பட்டவன் உடனே பெருந்தன்மையாகிவிட மாட்டான் என்பதைக் கார்னர் மறைக்கவில்லை, அந்த நேர்மையை மதிக்கிறேன். இருந்தும் நாவலின் கணக்கு எனக்கு முடியவில்லை. ஆலிசனும் ரோஜரும் விடுமுறை முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்பிவிடுவார்கள். நான்சி வேலையை உதறிவிட்டுக் கிளம்பியாயிற்று. ஹூதான் அப்பா என்று தெரிந்துகொண்ட அந்தப் பையன் அபெரிஸ்ட்வித் பள்ளிக்குத் திரும்பினானா, கடைக்கு வேலைக்குப் போனானா என்று அந்தப் புத்தகத்தைப் படித்த எவரைக் கண்டாலும் கேட்கிறேன்.