காரின் முகப்பும் கடும் வெயிலும்

எங்கள் பெரியப்பா ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவரிடம் மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தமது சால்வையைக் கழற்று முன்னரே காரை வளவிலிருந்த கிடுகுக் கொட்டிலுக்குள் விட்டு, அதன் முன் கண்ணாடியின்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுவார். "கொட்டிலுக்குள் நிற்கிற காருக்குத் துணி எதற்குப் பெரியப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "கிடுகுக்கு வயது போனால் வெயிலுக்கு வழி கிடைக்கும், தம்பி. வெயில் உள்ளே வந்தபிறகு துணி தேடி என்ன பயன்?" என்றார்.

அன்று அதை ஒரு முதியவரின் பிடிவாதமென்றே எண்ணினேன். பல ஆண்டுகள் கழித்து, ஒருவர் ஓடிக் கழித்த ஜப்பானியக் காரொன்றை நான் வாங்கினேன். வேலைத்தலத்துக்கு அருகே நிழலேயில்லாத வெளியில் அது காலை முதல் மாலைவரை நின்றது. நான்காம் ஆண்டில் அதன் டாஷ்போட்டில், முன் கண்ணாடியின் ஓரமாக, மயிரிழை போன்ற ஒரு கீற்றுத் தோன்றியது. ஆறாம் ஆண்டில் அக்கீற்றுக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. பெரியப்பாவின் வெள்ளைத் துணி அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

2020 மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த ஐந்தாண்டுகளில், கையிலுள்ள காரைக் காப்பதே கெட்டிக்காரத்தனம் என்பதைப் பல குடும்பங்கள் கற்றுக்கொண்டன. எஞ்சினுக்கு எண்ணெயும் ரயருக்குக் காற்றும் வேண்டுமென்பது யாவருக்கும் தெரியும். முகப்புக்கு நிழல் வேண்டுமென்பதைச் சிலரே அறிவர்.

பெயர் வந்த கதை

டாஷ்போட் என்ற சொல் மோட்டார் வண்டியிலும் மூத்தது. மேல்நாட்டில் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குளம்புகள் வாரியடிக்கும் சேறும் கல்லும் வண்டியோட்டியின்மேல் படாதவாறு, அவன் கால்களுக்கு முன்னே பலகையாலோ தோலாலோ ஒரு மறைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு இட்ட பெயரே இது. குதிரை போயிற்று, சேறு போயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலும், 1952இல் வந்த ஒஸ்ரின் ஏ40 சமசெற்றிலும் இந்த முகப்பு இரும்புத் தகட்டாலானது. வெயில் அதன் வர்ணத்தை மங்கச் செய்யலாம், பிளக்க முடியாது. 1990ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், மண்ணெண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கியபடி இக்கார்கள் ஓடியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். எஞ்சின் எத்தனை தரம் அடங்கினாலும் அவற்றின் முகப்பு மட்டும் அசையாதிருந்தது.

ஆயின் இரும்பு முகப்பிலே ஒரு கொடுமை உண்டு. விபத்தில் தலை மோதினால் இரும்பு இளகாது. அதனாலேதான் மெத்தையிட்ட முகப்புகள் தோன்றின. 1956இல் அமெரிக்காவின் போர்ட் நிறுவனம், விரும்பியவர்கள் மேலதிகப் பணம் கொடுத்து இத்தகைய முகப்பைப் பெறலாமென அறிவித்தது. காரின் உட்புறம் மோதலைத் தாங்கும் வகையில் அமைய வேண்டுமென்ற விதி அந்நாட்டில் 1968இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளே கடற்பஞ்சு போன்ற நுரை, மேலே வினைல் தோல் என முகப்பின் அமைப்பே மாறிற்று. மனிதனின் தலையைக் காக்க முகப்பு மென்மையாயிற்று. மென்மையானதனால் அதுவே வெயிலுக்கு இரையாயிற்று.

வெடிப்பது ஏன்?

வினைல் இயல்பில் மென்மையான பொருளன்று. நம் வீடுகளில் தண்ணீர் கொண்டுவரும் வெள்ளைக் குழாயும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். 1926இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க ரசாயனர், சில திரவங்களோடு சேர்த்து அதை இளக்கலாமெனக் கண்டார். அத்திரவங்களை இளக்கிகள் எனலாம். நீண்ட சங்கிலிகளாய்ப் பின்னிக் கிடக்கும் வினைலின் மூலக்கூறுகளுக்கு இடையே அவை புகுந்து, ஒன்றோடொன்று இறுகாமல் விலக்கி வைக்கின்றன. அதனாலேயே கடினமான குழாய்ப் பொருள் வளைந்து கொடுக்கும் தோலாகின்றது.

இளக்கி, வினைலோடு பிணைந்துவிட்ட பொருளன்று. உள்ளே குடியிருக்கும் பொருள் மட்டுமே. வெப்பம் ஏற ஏற அது சிறிது சிறிதாக வெளியேறுகின்றது. காரின் முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போன்ற ஒரு மங்கலைத் துடைத்திருப்பீர்கள். அதில் ஒரு பங்கு, முகப்பிலிருந்து ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்த இளக்கியே. இரவிலே எதிர்வரும் வாகனத்தின் வெளிச்சம் அப்படலத்திற் பட்டுச் சிதறும்போது பாதை மறைந்துவிடுகின்றது. எனவே இது வெறும் அழகு பற்றிய பிரச்சினையன்று.

இளக்கியை இழந்த தோல் சுருங்குகின்றது. ஆனால் அதன் ஓரங்கள் இறுக்கிப் பொருத்தப்பட்டுள்ளன. அடிப்பக்கம் நுரையோடு ஒட்டியிருக்கின்றது. ஆகவே சுருங்க இடமின்றி அது இழுபடுகின்றது. பகலில் விரிந்தும் இரவில் ஒடுங்கியும் களைத்துப்போய், ஈற்றில் வலுக்குறைந்த இடத்திலே பிளக்கின்றது. காற்றுத் துவாரங்களின் மூலைகளும், ஒலிபெருக்கியின் சுற்றுப்புறமும், கண்ணாடியை அண்டிய விளிம்புமே பெரும்பாலும் முதலில் வெடிப்பன. வற்றிய குளத்தின் அடிமண் பாளம் பாளமாகப் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்கு நீர் எப்படியோ, வினைலுக்கு இளக்கி அப்படி.

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் இதற்குத் துணைபோகின்றன. அவை மூலக்கூறுச் சங்கிலிகளையே அறுக்கின்றன. ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். முன் கண்ணாடி, இரு கண்ணாடிகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. 2016இல் அமெரிக்காவில் 15 நிறுவனங்களின் 29 கார்களைச் சோதித்தபோது, நீண்ட அலை கொண்ட புற ஊதாக் கதிர்களில் முன் கண்ணாடி சராசரியாக நூற்றுக்கு 96 பங்கைத் தடுத்தது. பக்கக் கண்ணாடி தடுத்தது 71 பங்கையே. ஆகவே முன் கண்ணாடியின் கீழுள்ள முகப்புக்கு முதற் பகைவன் வெப்பமே என்று கொள்ளலாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள்

அவ்வெப்பம் எவ்வளவு? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வெளியே ஏறக்குறைய 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ந்த நாட்களில் நடத்தப்பட்டு, 2018இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று விடை தருகின்றது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்காற்று சராசரி 47 பாகையாயிற்று. இருக்கை 51, சுக்கான் 53, முகப்போ 69 பாகை! நிழலில் நின்ற கார்களின் முகப்பு 48 பாகையே காட்டியது. நிழல் ஒன்றினால் மட்டும் 21 பாகை குறைந்தமையைக் கவனியுங்கள்.

வெயிலின் ஒளி கண்ணாடியூடாகத் தடையின்றி உள்ளே வருகின்றது. முகப்பு அதனை விழுங்கிச் சூடாகின்றது; கருநிறமாயின் இன்னும் அதிகமாக விழுங்குகின்றது. அவ்வாறு பிறந்த வெப்பம் கண்ணாடியூடாக எளிதில் திரும்பிப் போவதில்லை. சூடேறிய காற்றுக்கும் வெளியேற வழியில்லை. வந்த விருந்தாளி போக மறுக்கும் கதைதான்.

காப்பது எவ்வாறு?

முதலாவது, நிழல். வேம்பும் புளியும் மாவும் விலையில்லாக் கொட்டகைகள். பறவையின் எச்சத்தை உடனே கழுவிவிட்டாற் போதும். தென்னையின் கீழும் பனையின் கீழும் நிறுத்துபவர் வெயிலுக்குத் தப்பி, விழும் காய்க்கு அகப்படுவர். வீட்டிலே நாலு கம்பும் சில கிடுகும் கொண்டு ஒரு கொட்டில் போடுவது, தகரக் கொட்டகையிலும் குளிர்ச்சி தரும்.

இரண்டாவது, திசை. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கின்றது. ஏனைய மாதங்களில் தெற்கே சாய்கின்றது. நாள் முழுதும் வெளியில் நிற்க வேண்டிய கார், முதற்காலத்தில் தெற்கு நோக்கியும் மறுகாலத்தில் வடக்கு நோக்கியும் நிற்பது நன்று. பிற்பகலில் மட்டும் நிறுத்துவதாயின் முகத்தைக் கிழக்கே திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது, மறைப்பு. கண்ணாடியின் உட்புறத்தில் வைக்கும் வெள்ளி நிற மறைப்புகள் கடைகளில் உண்டு. பளபளப்பான பக்கம் வெளியே பார்க்க வேண்டும். ஒளியை அது வெப்பமாக மாறுமுன்னரே திருப்பியனுப்புவதுதான் இதன் தந்திரம். அதை வாங்க இயலாத மாணவர்கள், கடதாசி அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டித் தாமே செய்துகொள்ளலாம். கண்ணாடிக்கு வெளியே விரிக்கும் வெள்ளைத் துணி இன்னும் மேலானது. ஏனெனில் அது வெயிலை வாசலிலேயே தடுத்துவிடுகின்றது.

நான்காவது, துப்புரவு. மென்மையான துணியை நீரில் நனைத்துப் பிழிந்து வாரத்துக்கொருமுறை துடையுங்கள். அழுக்கு மிகுந்தால் சிறிதளவு மென்மையான சவர்க்காரம் சேர்க்கலாம். காப்புப் பூச்சு இடுவதாயின், நீரை அடிப்படையாகக் கொண்டதும் பளபளக்காததுமான ஒன்றைத் தெரிந்து, துணியில் ஊற்றிப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். ஆவியாகிப் போன இளக்கியை எந்தப் பூச்சும் மீண்டும் உள்ளே செலுத்துவதில்லை. பூச்சு காவலனேயன்றி வைத்தியனல்லன்.

செய்யத் தகாதவை

பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர், ஸ்பிரிற் ஆகியவற்றால் முகப்பைத் துடைத்தல் ஆகாது. அவை தோலின் மேற்பரப்பையே கெடுக்கும். தேங்காயெண்ணெய் பூசும் வழக்கமும் சிலரிடம் உண்டு. இரண்டு நாள் மினுங்கும். பின்னர் பிசுபிசுத்துப் புழுதியை வாரிக்கொள்ளும். மிகுந்த மினுக்கம் முன் கண்ணாடியிற் பிரதிபலித்துச் சாரதியின் கண்ணைக் கூசச் செய்யும்.

இன்றைய கார்கள் பலவற்றில், முன்னிருக்கைப் பயணியைக் காக்கும் எயார்பாக் என்னும் காற்றுப்பை முகப்பின் உள்ளேதான் ஒளிந்திருக்கின்றது. விபத்து நேரும்போது அது கண்ணிமைக்குமுன் முகப்பைத் திறந்துகொண்டு வெளிவர வேண்டும். ஆதலால் அவ்விடத்தை விரிப்பால் மூடுதலும், அதன்மேற் பொருள்களை ஒட்டுதலும், வெடிப்பை அடைப்பதாக எண்ணி வெட்டுதலும் துளையிடுதலும் ஆபத்தானவை. வெடித்த முகப்பு தானாகக் கூடாது. சிறு கீற்றாயின் நெகிழும் பசையால் அடைக்கலாம். பெரிதாயின் குஷன் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் புதுத் தோல் போடுவிப்பதே வழி. காற்றுப்பை உண்டென்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முகப்பிலும் பெரியது

இவ்வளவும் எழுதியபின் ஒன்றைச் சொல்லாது விட்டால் என் மனம் ஆறாது. ஒரு வைகாசி மாதத்து நண்பகல். அம்மாவைக் காரில் இருத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் அம்மா" என்று சொல்லி மருந்து வாங்கப் போனேன். வரிசை நீண்டது. இருபது நிமிடத்தில் திரும்பியபோது அம்மாவின் தலை சாய்ந்திருந்தது, கைகள் நடுங்கின, வாய் பேசவில்லை. நிழலிலே கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். தெய்வாதீனமாகப் பிழைத்தார்.

2005இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றைப் பின்னர் படித்தேன். ஒரு மணி நேரத்தில் காருக்குள் ஏறும் வெப்பத்தில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடுகின்றது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவிடுவதால் பெரும் பயனில்லை. என் நாலு விரல் இடைவெளி அம்மாவுக்குத் துணையாகவில்லை. என் மனச்சாட்சிக்கு மட்டுமே துணையாகியிருந்தது. குழந்தையையோ முதியவரையோ, ஒரு நாய்க்குட்டியையோகூட, நிற்கும் காருக்குள் ஒரு நிமிடமும் விட்டுச் செல்லாதீர்கள்.

அன்றிலிருந்து என் காரிலும் ஒரு வெள்ளைத் துணி இருக்கின்றது. முகப்பிலுள்ள பழைய வெடிப்பை நான் அடைக்கவில்லை. காரை நிறுத்தும்போதெல்லாம் அது கண்ணிற் படுகின்றது. படும்போதெல்லாம் பின்னிருக்கையில் யாரும் இருக்கின்றார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். பிறகுதான் துணியை விரிக்கிறேன்.