உபதேசம் மங்கியது, உண்மை நின்றது

உபதேசம் செய்யப் புறப்பட்டவர், தம்மையும் அறியாமல் அதனினும் பெரிய காரியமொன்றைச் செய்து முடிப்பதுண்டு. ஹாலிவுட்டின் கீர்த்தி வாய்ந்த டைரக்டர் ஸெஸில் பி. டிமில் விஷயத்தில் அப்படித்தான் நேர்ந்தது.

1927-ல் ஏசுநாதரின் சரிதத்தைப் படமாக்கிய டிமில், அடுத்தபடியாக மாணவரிடையே பரவும் நாஸ்திகத்தைக் கண்டிக்க எண்ணினார். அவ்வாறு பிறந்ததே 'தி காட்லெஸ் கேர்ள்', அதாவது 'கடவுளற்ற பெண்' என்னும் மௌனப் படம். கதை எழுதியவர் ஜீனி மாக்பர்ஸன் என்னும் மாது.

ஜூடி என்ற மாணவி நாஸ்திகச் சங்கம் நடத்துகிறாள். பாப் என்ற மாணவன் தன் கூட்டத்துடன் அதைத் தாக்குகிறான். கைகலப்பில் மாடிப்படிக் கைப்பிடி முறிந்து, ஒரு சிறுமி விழுந்து மாள்கிறாள். நாஸ்திகி, ஆஸ்திகன் இருவருமே சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள்.

அப்பள்ளிகளில் நடப்பதென்ன என்று அறிய டிமில் ஆட்களை அனுப்பி விசாரித்தார். கிடைத்த தகவல்கள் நெஞ்சை உலுக்கின. விளைவு என்ன? மதப் பிரசாரம் பின்னுக்குப் போயிற்று. இளைஞரைத் திருத்துவதாகச் சொல்லி வதைக்கும் கொடுமை முன்னுக்கு வந்தது. வேலிக்கு இருபுறமும் நின்று காதலர் கைகோக்கும் வேளையில், காவலன் அக்கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சும் காட்சி ஒன்று போதும்! முடிவில் பள்ளி தீப்பற்றி எரிகிறது. அந்த நெருப்பில் தம் இமை மயிர் கருகியதாக நாயகி லீனா பாஸ்கெட் பிற்காலத்தில் கூறினார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அவருடைய கணவர் ஸாம் வார்னர் பேசும் படத்துக்காகப் பாடுபட்டவர். 1927 அக்டோபரில், 'ஜாஸ் ஸிங்கர்' வெளியாவதற்கு முந்தின நாள் காலமானார். அந்தப் பேசும் பட மோகமே அவர் மனைவியின் படத்தை விழுங்கியது. டிமில் வேறு கம்பெனிக்குப் போய்விட, பிறரைக்கொண்டு பேச்சுக் காட்சிகளைச் சேர்த்து 1929-ல் வெளியிட்டும் அமெரிக்காவில் படம் எடுபடவில்லை.

ஆனால் 1931-ல் ருஷியா சென்ற டிமில், அங்கே அப்படத்துக்கு அமோக வரவேற்பு இருப்பதைக் கண்டு திகைத்தார். ஜூடி கடவுளை நம்பத் தொடங்கும் கடைசிப் பகுதியை அங்கே காட்டவில்லையென்று பின்னரே அவருக்குத் தெரிந்ததாம்!

நெடுங்காலம் காணக் கிடைக்காதிருந்த அப்படம் 2007-ல் அமெரிக்காவில் இசைத்தட்டுப் போன்ற வட்டத் தகட்டில் வெளிவந்தது. இன்று பார்ப்பவர் மனத்தில் தங்குவது உபதேசமன்று. கம்பி வேலியில் கருகிய அந்த இளம் கைகளே.