ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வாடகைதாரர் வெளியேறினால் வீட்டு உரிமையாளர் என்ன செய்யலாம்?

பதினொரு மாத வாடகை ஒப்பந்தம். அதில் முதல் 8 மாதங்கள் காலி செய்யக் கூடாது என்ற 'லாக்-இன்' நிபந்தனை. ஐந்தாம் மாத இறுதியில் வாடகைதாரர் பணி மாற்றலாகிச் செல்கிறார். மாத வாடகை ரூ.25,000, முன்பணம் ரூ.1 லட்சம். எஞ்சிய மூன்று மாத வாடகையான ரூ.75,000-ஐ முன்பணத்திலிருந்து அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்றே பெரும்பாலான உரிமையாளர்கள் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வளவு எளிதாக அதை அனுமதிப்பதில்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகை என்பது இழப்பீட்டின் உச்ச வரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே பெற இயலும். ஒருவருக்கு உண்மையில் இழப்பு நேரவில்லை எனில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்பதை கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது மனை ஏலம் தொடர்பான வழக்கு என்றாலும், அதன் கோட்பாடு வாடகைத் தகராறுகளிலும் எடுத்துரைக்கப்படுகிறது. இழப்பைக் கணக்கிடவே இயலாத நிலையில், நேர்மையான முன்மதிப்பீடாக எழுதப்பட்ட தொகையை நீதிமன்றம் ஏற்கவும் கூடும்.

அதே சட்டத்தின் 73-ஆவது பிரிவு மற்றொன்றையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது: இழப்பைக் குறைக்கக் கைவசம் இருந்த வழிகள். எனவே வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு வாடகை கேட்பது பயன் தராது. புதியவரைத் தேடியதற்கான விளம்பரம், தரகருக்கு அனுப்பிய செய்தி ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது நல்லது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரே மாதத்தில் அதே வாடகைக்குப் புதியவர் குடியேறினால், வாடகை இழப்பு ரூ.25,000. வழக்கமான தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதத்தைச் சரிசெய்ய ரசீதுடன் ரூ.8,000 செலவானால், மீதி ரூ.67,000-ஐத் திருப்பித் தருவதே பாதுகாப்பான வழி.

சாவியை வாங்கும் நேரமே மிக முக்கியமானது. வாடகை ஓடட்டும் என்று சாவியை வாங்க மறுப்போர் உண்டு. அது பெரும்பாலும் அவர்களுக்கே பாதகமாக முடிகிறது. மறுபுறம், எதுவும் எழுதாமல் வாங்கிக்கொண்டால், குத்தகையை ஒப்படைத்ததை மனமுவந்து ஏற்றதாக வாடகைதாரர் வாதிடலாம். எனவே தேதி, மின்மானி அளவு, வீட்டின் நிலை, 'நிலுவை மற்றும் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு உட்பட்டு' என்ற வாசகம் ஆகியவற்றுடன் இருவரும் கையொப்பமிட்ட குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். புகைப்படங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தமே எழுதப்படவில்லை எனில்? சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 106-ஆவது பிரிவின்படி, குடியிருப்பு வாடகை மாதந்தோறும் தொடர்வதாகக் கருதப்படும். 15 நாள் அறிவிப்பு கொடுத்து எந்தத் தரப்பும் அதை முடித்துக்கொள்ளலாம். லாக்-இன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தனி வாடகைச் சட்டம் உள்ள மாநிலங்களில் அதன் விதிகளையும் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் விட்டவர்களும் சிக்கலில் மாட்டுகின்றனர். பதிவுச் சட்டம், 1908-இன்படி அத்தகைய ஆவணத்தின் நிபந்தனைகளை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம்.

சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுச் சென்றவரின் வீட்டைத் தாமாகவே உடைத்துத் திறப்பதும், பொருட்களை நிலுவைக்காகப் பிடித்துவைப்பதும் உரிமையாளரையே வழக்கில் சிக்கவைக்கலாம். கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, பதில் வராதபட்சத்தில் வழக்கறிஞரின் ஆலோசனையுடன் நீதிமன்றத்தையோ, மாநிலச் சட்டப்படியான வாடகை ஆணையத்தையோ அணுக வேண்டும்.