கம்பியில்லா விசைப்பலகை ஏன் மௌனம் சாதிக்கிறது?



ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் காட்சி புதிதன்று. சிப்காட் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தந்தை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் செல்கிறார். எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற கணிப்பொறியைப் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கி வருகிறார். அதில் இருப்பதோ விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐயோ பழைய இயந்திரங்கள் பல ஏற்பதில்லை. எனவே கல்லூரியில் படிக்கும் மூத்த மகன், விலை கொடுக்க வேண்டாத லினக்ஸை நிறுவுகிறான்.

திரை அழகாக ஒளிர்கிறது. ஆனால் கம்பியில்லா விசைப்பலகையும் மௌஸும் அசைய மறுக்கின்றன! "லினக்ஸே சரியில்லை" என்று வீட்டில் தீர்ப்பு வழங்கப்படுகிறது. கணிப்பொறி மூலைக்குப் போகிறது. சில மாதங்களில் பழைய இரும்புக் கடைக்கும் போய்விடுகிறது. அத்தீர்ப்பு சரிதானா? சற்று நிதானமாகப் பார்ப்போம்.

லினக்ஸ் நமக்கு அந்நியமானதன்று. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய முயற்சி அது. 2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் விண்டோஸுடன் இடம்பெற்றிருந்தது.

முதலில் இனம் காணுங்கள்

கம்பியில்லாக் கருவிகள் இரு வகை. ஒன்று, நகத்தளவு ரிசீவருடன் வருவது. அதை யூஎஸ்பி துளையில் செருக வேண்டும். மற்றொன்று ரிசீவர் இல்லாத புளூடூத் வகை. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ரிசீவர் வகையில், விசைப்பலகைக்கும் ரிசீவருக்கும் இடையிலான உறவு ரிசீவரின் உள்ளேயே பதிந்திருக்கிறது. கணிப்பொறியின் கண்ணுக்கு அந்த ரிசீவர் ஒரு சாதாரண யூஎஸ்பி விசைப்பலகைதான். ஆகவே லினக்ஸை நிறுவியதால் அவ்வுறவு அறுந்துபோவதில்லை. புளூடூத் வகையிலோ, இணைப்புக்கான இரகசியச் சாவியை இயக்கு மென்பொருள் வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. வட்டை அழித்துப் புதியதை நிறுவினால் சாவியும் அழிந்துவிடுகிறது. புதிய வீட்டுக்குப் பழைய சாவி பொருந்துமா?

ரிசீவர் வகைக்கு

முதலில் கருவியின் அடியிலுள்ள சுவிட்சையும் பாட்டரியையும் பாருங்கள். பிறகு கணிப்பொறியை மீண்டும் தொடங்கி, பயாஸ் திரைக்குள் செல்லுங்கள். அங்கே விசைகள் இயங்கினால் கருவி பழுதில்லை. அங்கும் இயங்காவிட்டால் லினக்ஸைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

அடுத்து, ரிசீவர் செருகப்பட்ட இடம். கணிப்பொறியின் பின்புறம், இரும்புப் பெட்டியின் மறைவில் இருந்தால் அலை தடைப்படும். நீலநிற யூஎஸ்பி 3.0 துளைகளுக்கு அருகில் இருந்தாலும் தொல்லைதான். அத்துளைகளில் வேலை நடக்கும்போது எழும் இரைச்சல், ரிசீவர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியுள்ளது. மௌஸ் திக்கித் திக்கி நகர்ந்தால், சிறு நீட்டிப்புக் கம்பி ஒன்றால் ரிசீவரை மேசைமேல் கொண்டுவாருங்கள்.

ரிசீவர் கணிப்பொறிக்குத் தெரிகிறதா என்று அறிய, டெர்மினலில் எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டரைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். லாஜிடெக்கின் 'யூனிஃபையிங்' ரிசீவர் ஆறு கருவிகள் வரை ஏற்கும். அவற்றை லினக்ஸில் புதிதாக இணைக்க 'சோலார்' என்னும் இலவச மென்பொருள் உண்டு.

புளூடூத் வகைக்கு

இங்கே செய்ய வேண்டியது மறு இணைப்பு. கருவியின் இணைப்புப் பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். லினக்ஸின் அமைப்புகளில் புளூடூத் பகுதியைத் திறந்து, கருவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். திரையில் எண்கள் தோன்றினால் அவற்றை அந்த விசைப்பலகையிலேயே அடித்து என்டரைத் தட்டுங்கள்.

ஒரே கணிப்பொறியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் வேறொரு சிக்கல் எழும். ஒன்றில் இணைத்தால் மற்றொன்றில் இணைப்பு அறுந்துவிடும். ஏனெனில் கருவி கடைசியாகப் பெற்ற சாவியையே நினைவில் கொள்ளும். 1, 2, 3 என்று வழித்தடப் பொத்தான்கள் உள்ள விசைப்பலகையாயின், ஒன்றை விண்டோஸுக்கும் மற்றொன்றை லினக்ஸுக்கும் ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எழுத்து மாறி வந்தால்

விசைகள் இயங்கியும், @ குறியை அடித்தால் மேற்கோள் குறி விழுகிறதா? நிறுவும்போது பிரிட்டிஷ் விசையமைப்பைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நம் நாட்டில் விற்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அமைப்பைக் கொண்டவை; அமைப்புகளில் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கேயே தமிழ், உருது, கன்னட விசையமைப்புகளையும் சேர்க்கலாம். மும்மொழி புழங்கும் நம் எல்லைப்புற இல்லங்களுக்கு இது செலவில்லாத வசதியன்றோ?

நிறுவும் முன்பே

லினக்ஸை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்க முடியும். விசைப்பலகை, மௌஸ், வைஃபை மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். குடும்பப் புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் சேமித்த பின்னரே வட்டைத் தொடுங்கள். கம்பியுள்ள எளிய விசைப்பலகையும் மௌஸும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். வட்டுக்குக் கடவுச்சொல் பூட்டுப் போட்டவர்களுக்கு அது மிகவும் அவசியம். அந்தப் பூட்டைத் திறக்கும் வேளையில் புளூடூத் விழித்திருப்பதில்லை.

உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளைக் காரணம் அறியாமல் தூக்கியெறிவது விரயமே. அடுத்த முறை உங்கள் விசைப்பலகை மௌனம் சாதித்தால், கடைக்குப் புறப்படுமுன் அதன் உறவு ரிசீவரில் இருக்கிறதா, வட்டில் இருந்ததா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரும்பாலும் விடை உங்கள் மேசைமேலேயே இருக்கும்.